பார்க்காத இடத்தைக் காட்டும் கண்ணாடி

ஒரு மென்பொருளின் பதிவில் என் பெயருக்கு நேரே 1.6 என்ற எண் இருக்கிறது. ஒரு பாலத்தின் தளத்தைத் தாங்கும் நீள உத்திரமான கர்டரின் முனையில் இயந்திரம் சுட்டிக்காட்டிய விரிசலை, விரிசல் அல்ல என்று நான் தள்ளுபடி செய்ய எடுத்துக்கொண்ட நேரம் அது, விநாடிக் கணக்கில். அந்த விரிசல் உண்மையானது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாலங்களின் அடியில் நடந்து, அண்ணாந்து பார்த்தே கழுத்து வலியைத் தேடிக்கொண்டவன் நான். எதிரில் நின்று பார்த்திருந்தால் அந்தக் கோட்டை ஒருபோதும் விட்டிருக்க மாட்டேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் திரையில் வந்தபோது விட்டேன். செயற்கை நுண்ணறிவும், கண்முன் இருக்கும் பொருளின் மீதே கணினிப் பிம்பங்களைப் பொருத்திக் காட்டும் கலப்பு மெய்ம்மைக் கண்ணாடியும் வந்துவிட்டன, இனிக் கட்டுமான ஆய்வில் எதுவும் தப்பாது என்று யாராவது மேடையில் சொல்லும்போதெல்லாம் அந்த எண் நினைவுக்கு வருகிறது. அவர்கள் சொல்வது முழுவதும் பொய்யும் அல்ல என்பதுதான் இதை எழுதாமல் இருக்கவிடாத காரணம்.

பாலம் பெரிய பாலமல்ல. டெல்டாவில் காவிரியின் கிளையாறு ஒன்றின் குறுக்கே 1970களில் கட்டப்பட்ட ஒன்பது கண் பாலம். கண் என்பது தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதி. கண்ணுக்கு மூன்று கான்கிரீட் கர்டர்கள் வீதம் 27 கர்டர்கள், ஆகவே 54 கர்டர் முனைகள். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறக்கப்பட்டு ஆற்றில் ஓட்டம் வந்துவிட்டால் அடியில் இறங்க வழியில்லை. எனவே மணல் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில்தான் இப்படிப்பட்ட பாலங்களின் அடிவயிற்றைப் பார்க்க முடியும். 2025 பங்குனியில் நாங்கள் இறங்கியபோது, தூண்களைச் சுற்றி அரிப்பில் உண்டான பள்ளங்களில் மட்டும் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. வழக்கமான ஆய்வோடு சேர்த்து, ட்ரோன் படங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அலசி, அதன் முடிவுகளை ஹோலோலென்ஸ் கண்ணாடி வழியாகக் கர்டரின் மீதே பொருத்திப் பார்க்கும் முறையையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் ஆர்வத்தோடுதான் ஒப்புக்கொண்டேன்.

ஆயிரம் சிவப்புக் கட்டங்கள்

ட்ரோன் என்றவுடன் தூரத்தில் பறந்தபடி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள விரிசல் படத்தில் ஓரளவு தெளிவாகப் பதிய வேண்டுமானால், ஒரு பிக்சல் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இடம் பிடிக்கக் கூடாது. சுமார் 5,500 பிக்சல் அகலமுள்ள படத்தில் அப்படியானால் அடங்குவது அரை மீட்டர் கான்கிரீட் மட்டுமே. அரை மீட்டர், அரை மீட்டராக ஒரு பாலத்தை அளக்க வேண்டும். அதுவும் பாலத்தின் அடியில், செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காத இடத்தில், காற்று தூண்களுக்கிடையே சுழன்று வரும்போது, வௌவால்கள் கலைந்து பறக்கும்போது. ஆகவே கர்டர் முனைகளை மட்டும் அவ்வளவு நெருக்கத்திலும், மற்றப் பகுதிகளைச் சற்றுத் தள்ளியும் எடுப்பது என்று முடிவு செய்தோம். அப்படியும் படங்கள் 5,000த்தைத் தாண்டின.

மென்பொருள் அந்தப் படங்களில் 1,100க்கும் மேற்பட்ட இடங்களைச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டியது. ஒவ்வொன்றையும் ஒரு பொறியாளர் பார்த்து, ஏற்கவோ தள்ளவோ வேண்டும். ஏற்றுக்கொண்டவை மட்டுமே கண்ணாடிக்குப் போகும். ஊரில் தங்கியிருந்த விடுதி அறையில் இரவு உணவுக்குப் பிறகு உட்கார்ந்தேன். முதல் நூறு கட்டங்களை நிதானமாகத்தான் பார்த்தேன். பெரிதாக்கினேன், பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டேன், எந்தக் கர்டர், எந்த முகம் என்று வரைபடத்தில் தேடினேன். ஆனால் வந்தவற்றில் பெரும்பாலானவை விரிசல்களே அல்ல. கான்கிரீட் கொட்டியபோது சென்ட்ரிங் பலகைகளுக்கு இடையே விழுந்த கோடு, சிலந்தி இழை, மழைநீர் வடிந்த கறை, தூணில் யாரோ கரியால் எழுதிய பெயரின் ஒரு கால், காய்ந்து ஒட்டிய வேர். இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையான விரிசல் ஒன்று தப்புவதைவிடப் பொய்யான பத்து வந்தாலும் பரவாயில்லை என்றுதான் அதை அமைத்திருந்தார்கள், அமைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் பத்துப் பொய்களும் பார்க்கிறவனின் மனத்தை என்ன செய்யும் என்பதை அந்தக் கூட்டத்தில் நாங்கள் யாரும் பேசவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் என் விரல் தள்ளுபடிப் பொத்தானின் மீதே நிலைத்துவிட்டது. ஏற்பதற்குத்தான் காரணம் தேவைப்பட்டது, தள்ளுவதற்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய நிரல்கள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட, எஸ்டிநெட் என்று அறியப்படும் படத்தொகுப்பில் பாலத் தளம், சுவர், நடைபாதை ஆகியவற்றின் 56,000க்கும் மேற்பட்ட கான்கிரீட் படத்துண்டுகள் இருக்கின்றன, 0.06 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரையிலான விரிசல்கள் அவற்றில் உள்ளன. உலகெங்கும் பலர் பயன்படுத்தும் அருமையான தொகுப்பு. ஆனால் ஒவ்வொன்றும் 256 பிக்சல் நீள அகலமுள்ள சதுரத் துண்டு. அதற்குரிய விடை விரிசல் உண்டு அல்லது இல்லை என்பது மட்டும். அந்தத் துண்டு கர்டரின் நடுவிலிருந்து வந்ததா, முனையிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. எங்கள் தொழிலிலோ அதுதான் முதல் கேள்வி. கம்பி வைத்த கான்கிரீட் கர்டரின் நடுப்பகுதியில், அடியிலிருந்து நேராக நிமிர்ந்து எழும் மயிரிழை விரிசல்கள் எதிர்பார்க்கப்பட்டவை. இழுவிசையைக் கம்பி தாங்கட்டும் என்றுதான் வடிவமைப்பே செய்யப்படுகிறது. அதே அகலமுள்ள கோடு, கர்டர் முனை தூணின் மேல் உட்காரும் தாங்கியான பேரிங்கின் ஓரத்தில் தொடங்கி, சாய்வாக மேலே ஏறினால் அதன் பொருளே வேறு. அது வெட்டுவிசையின், அதாவது கர்டரைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையின் கோடு. அந்த வகை முறிவு அதிகம் எச்சரித்துவிட்டு வருவதல்ல. அகலத்தை மட்டும் வைத்துத் தரம் பிரிக்கும் மென்பொருள் இரண்டையும் ஒரே பட்டியலில், ஒரே நிறத்தில், குறைந்த தீவிரம் என்று எழுதிவிடுகிறது.

கண்ணாடி அணியாதவர்

நான்கு நாள் கழித்து, ஆறாவது கண்ணில் சவுக்குக் கட்டைச் சாரம் கட்டி ஏறினோம். கண்ணாடி ஒன்றுதான் இருந்தது, நான் அணிந்திருந்தேன். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை. பாலத்தின் நிழலில் இருந்தபோதும் மணலில் பட்டுத் தெறித்த வெயில் பிம்பங்களை வெளிறச் செய்ததால், துறையின் உதவிப் பொறியாளராக இருந்த இளம்பெண் ஒருவர் என் பக்கத்தில் கறுப்புக் குடை பிடித்து நின்றார். கண்ணாடி வழியே பார்த்த காட்சி அழகாகத்தான் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கர்டரின் பக்கவாட்டில், நான் ஏற்றுக்கொண்ட விரிசல்கள் மட்டும் மஞ்சள் கோடுகளாக, அவையவை இருந்த இடத்திலேயே மிதந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் அகலமும் நீளமும் எழுதியிருந்தது. குறிப்பேட்டுக்கும் கர்டருக்கும் மாறி மாறிப் பார்க்கும் வேலை இல்லை. கை இரண்டும் காலியாக இருந்ததால் சாரத்தின் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது; அந்த உயரத்தில் அது சின்ன விஷயமல்ல. மஞ்சள் கோடு இருந்த இடங்களுக்கெல்லாம் போய், விரிசல் அகலம் பார்க்கும் அட்டையை வைத்துச் சரிபார்த்து, சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு, அடுத்ததற்கு நகர்ந்தேன். கீழ்ப்புறக் கர்டரின் முனையில் மஞ்சள் கோடு எதுவும் இல்லை. எனவே அதைக் கடந்துவிட்டேன்.

“சார், இது உங்க கண்ணாடியில தெரியுதா?” என்றார் அவர்.

“எதும்மா?”

“இந்தக் கோடு சார். பேரிங் கிட்டருந்து சாய்வா மேல போகுது.”

கண்ணாடியின் முகப்பைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். கூர்மையான பென்சிலால் இழுத்தது போன்ற கோடு. பேரிங் தகட்டின் உள்விளிம்பிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 45 பாகையில் மேலேறி, பாதி வழியில் ஒரு சென்ட்ரிங் பலகைக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், ஸ்லாபுக்கு ஒரு சாண் கீழே மங்கியது. ஓரங்களில் உப்புப் பூத்தது போலச் சுண்ணாம்பு வெளுத்திருந்தது. நீர் உள்ளே போய் வந்திருக்கிறது என்று பொருள். அட்டையை வைத்தேன். 0.25 மில்லிமீட்டர். அவர் குடையை மடக்கிச் சாரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கோட்டின் இரு முனைகளிலும் சாக்பீஸால் குறியிட்டுத் தேதி எழுதினார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவில் இருப்பது, முகப்பை மீண்டும் கீழிறக்கிப் பார்த்தபோது அந்தக் கர்டர் முனை எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது என்பதுதான். கோடு மறைந்துவிடவில்லை. கண்ணாடி ஒளி ஊடுருவக்கூடியது. கோடு அங்கேயே இருந்தது. ஆனால் பக்கத்தில் பளிச்சென்று மின்னும் மஞ்சள் கோடுகளைப் பார்த்துப் பழகிய கண் அதைச் சுவரின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டது.

இயந்திரம் அதைத் தவறவிட்டிருக்கும் என்றுதான் சாரத்திலிருந்து இறங்கும்வரை நினைத்தேன். அந்த நினைப்பில் ஓர் ஆறுதலும் இருந்தது. அன்றிரவு தள்ளுபடி செய்தவற்றின் பட்டியலைத் திறந்து, அந்தக் கர்டரின் எண்ணைப் போட்டுத் தேடினேன். இருந்தது. சிவப்புக் கட்டத்தின் பெரும்பகுதியைப் பலகைக் கோடு நிரப்பியிருந்தது. அதன் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு, அந்தச் சாய்வுக் கோடு. நம்பகம் 58 சதவீதம். தீவிரம் குறைவு. முடிவு: விரிசல் அல்ல. முடிவு செய்தவர் நான். நேரம் 1.6 விநாடி.

மெம்ஃபிஸ் பாலத்தின் காணொளி

அன்றிலிருந்து, ஏற்கெனவே படித்திருந்த ஒரு நிகழ்ச்சி வேறு விதமாக எனக்குள் உறுத்தத் தொடங்கியது. மிசிசிப்பி ஆற்றின் மேல், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரையும் ஆர்கன்சா மாநிலத்தையும் இணைக்கும் ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலம் 1973-இல் திறக்கப்பட்ட எஃகு வளைவுப் பாலம். 2021 மே 11 அன்று ஆய்வுக்குப் போனவர்கள், வளைவின் இரு கால்களையும் இழுத்துப் பிடிக்கும் பெட்டி வடிவ எஃகு உறுப்பு ஏறத்தாழப் பாதிக் குறுக்குவெட்டுக்கு முறிந்திருப்பதைக் கண்டார்கள். அவசர உதவி எண்ணுக்கு அழைத்துப் பாலத்தின் போக்குவரத்தை உடனே நிறுத்தச் சொன்னார்கள். கீழே ஆற்றில் படகுப் போக்குவரத்தும் சில நாள் நின்றது. பாலம் முழுமையாகத் திறக்க ஆகஸ்ட் தொடக்கம் ஆயிற்று. நல்வேளையாக யாரும் சாகவில்லை. ஆனால் பின்னர் பழைய பதிவுகளைத் தேடியபோது, 2019-இல் எடுத்த ட்ரோன் காணொளியில் அந்த முறிவு தெரிந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், 2016-இல் ஆற்றில் படகில் சென்ற ஒருவர் எடுத்த படத்திலும் தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வுகள் நடந்தன, அறிக்கைகள் எழுதப்பட்டன. அந்த உறுப்பைப் பார்க்க வேண்டிய ஆய்வாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

முதலில் படித்தபோது, பணிநீக்கம் நியாயம்தான் என்று நினைத்தவன் நான். ட்ரோன் பறந்து, படம் பிடித்து, கோப்பில் சேர்த்து வைத்தும் இரண்டு ஆண்டு ஒருவர்கூடவா பார்க்கவில்லை என்று கோபமும் வந்தது. இப்போது அந்தக் காணொளியை எனக்கு நானே போட்டுப் பார்க்கிறேன். மணிக்கணக்கில் எஃகு, எஃகு, எஃகு. அதில் எதைத் தேடிப் பார்க்கிறார்களோ அதைப் பார்ப்பார்கள், தேடாதது பின்னணியாகிவிடும். படம் எடுத்தாகிவிட்டது என்பதே பார்த்தாகிவிட்டது என்ற நிம்மதியைத் தந்துவிடும். மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று மாலைப் போக்குவரத்தோடு இடிந்து 13 பேரைக் கொன்ற பாலத்திலும் இதே கதைதான். எஃகு உறுப்புகளை இணைக்கும் தகடுகள் இருக்க வேண்டிய தடிமனில் ஏறத்தாழப் பாதியே இருந்தன. அவற்றில் சில வளைந்திருப்பது 2003-இல் எடுத்த படங்களிலேயே பதிவாகியிருந்தது. படம் இருந்தது.

மனிதக் கண்ணை உயர்த்திப் பேசவும் நான் வரவில்லை. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 25 மாநிலங்களைச் சேர்ந்த 49 பால ஆய்வாளர்களை ஒரே பாலங்களைப் பார்க்கச் சொன்னார்கள். 0 முதல் 9 வரையிலான அளவுகோலில், ஒரே உறுப்புக்குச் சராசரியாக நான்கைந்து வெவ்வேறு மதிப்பெண்கள் வந்தன. எங்கள் ஊரில் அப்படி ஒரு சோதனை நடத்தினால் முடிவு இதைவிட மேலாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒரு நாளைக்கு மூன்று பாலம், மே மாத வெயில், ஜீப்பில் காத்திருக்கும் ஓட்டுநர், மாலைக்குள் போக வேண்டிய படிவம். இவற்றுக்கு நடுவே பார்க்கப்படும் கர்டர் முனைகளைப் பற்றி நான் நன்றாக அறிவேன். ஆகவே கருவியை ஒதுக்கிவிட்டுப் பழையபடி சுத்தியலோடு மட்டும் போகலாம் என்பது விடையல்ல. அன்று அந்த விரிசலை முதலில் பார்த்தது இயந்திரம்தான் என்பதை நான் மறக்கவில்லை.

சாம்பல் நிறம்

எங்கள் ஏற்பாட்டில் இருந்த கோளாறு என்ன என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. ஏதோ இருக்கிறது என்று இயந்திரம் சந்தேகப்பட்டது, இல்லை என்று நான் சொன்னேன்; என் சொல்லை அது எந்தத் தடயமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு கண்ணாடி எனக்குக் காட்டியது பாலத்தை அல்ல, நான் ஏற்கெனவே சொன்னதையே. என் பழைய முடிவையே சாட்சியாகக் கொண்டு வந்து கர்டரின் மீது ஒட்டிக் காட்டியது. நானும் அதைச் சரிபார்த்து, சரிதான் என்று எழுதினேன். மஞ்சள் கோடு இல்லாத இடம் என்பதற்கு மூன்று பொருள் இருந்தது: அங்கே குறை இல்லை, குறை இருக்கலாம் என்று இயந்திரம் சொல்லி நான் மறுத்துவிட்டேன், அந்த இடத்தின் படமே சரியாக இல்லை. மூன்றும் கண்ணாடியில் ஒரே மாதிரி தெரிந்தன. வெறும் கான்கிரீட்டாக.

மென்பொருளை உருவாக்கிய இளைஞர்களிடம் இதைப் பேசினேன். அவர்கள் முதலில் சொன்ன தீர்வு, நிரலை மேலும் பயிற்றுவித்துப் பொய்க் கட்டங்களைக் குறைக்கலாம் என்பது. செய்யுங்கள், நல்லதுதான் என்றேன். ஆனால் நான் கேட்டது வேறு. விரிசல் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு, நான் எங்கே பார்க்கவில்லை என்று காட்ட முடியுமா? முடியும். அந்தக் கண்ணாடியில் விழியின் அசைவைப் பின்தொடரும் உணரிகள் இருக்கின்றன. சுற்றியிருக்கும் பரப்பின் முப்பரிமாண வடிவத்தையும் அது தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பரப்பின் மீது பார்வை எவ்வளவு நேரம் தங்கியது என்பதைக் கணக்கிட வேண்டியவை எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தன. இரண்டு வாரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். பாலத்தின் பரப்பு முழுவதும் முதலில் மெல்லிய சாம்பல் நிறப் போர்வையோடு தெரியும். பார்வை போதிய நேரம் தங்கிய இடத்தில் போர்வை விலகும். தள்ளுபடி செய்த கட்டங்கள் மறையாமல் வெள்ளை வளையங்களாக நிற்கும். நேரில் பார்த்து இரண்டாம் முறை தள்ளினால்தான் போகும். படம் மங்கலான இடங்கள் கோடு போட்டுக் காட்டப்படும்.

சித்திரைக் கடைசியில் மறுபடி அதே பாலத்துக்குப் போனோம். ஒரு கண்ணைப் பார்த்து முடித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பும்போதெல்லாம் சாம்பல் நிறம் மிச்சமிருந்தது. எங்கே மிச்சமிருந்தது என்பதுதான் எனக்குப் பாடம். தூணின் தலைப்பகுதியில் கர்டர்கள் உட்காரும் மேடையின் பின்புறம், கடைசிக் கர்டரின் வெளி முகத்தில் வடிகால் குழாய்க்குப் பின்னால் இருக்கும் பட்டை, ஏணி சாய்க்க வசதியில்லாத மூலை. ஒன்பது கண்ணிலும் இதே இடங்கள். அதாவது, இது அன்றைய களைப்பு அல்ல, என் உடம்பு இருபத்தைந்து ஆண்டாகப் பழகி வைத்திருக்கும் வழித்தடம். ஒவ்வொரு பாலத்திலும் அந்த இடங்களை நான் இப்படித்தான் விட்டிருக்கிறேன் என்று தோன்றியபோது சாரத்தின் மேலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை வளையங்களில் மேலும் இரண்டு உண்மையான விரிசல்கள் கிடைத்தன. இரண்டும் பெரிய பொருட்டானவை அல்ல.

இதையும் நான் முழுத் தீர்வாகச் சொல்லவில்லை. விழி தங்கியதும் மனம் தங்கியதும் ஒன்றல்ல. பெரிய வெற்றுப் பரப்புகளில் கண்ணாடி தன் இருப்பிடத்தைத் தொலைத்து, போர்வையையும் கோடுகளையும் ஒரு சாண் தள்ளி நகர்த்திவிடும். ஒவ்வொரு கண்ணிலும் குறியட்டை ஒட்டி நேர்செய்ய வேண்டியிருந்தது. மின்கலம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. தட்டும்போது பொள்ளலாகக் கேட்கும் கான்கிரீட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்தச் சத்தத்தை நாங்கள்தான் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஆயுள். இன்று பாலங்களை 100 ஆண்டு நிற்க வேண்டும் என்று வடிவமைக்கிறோம். 2019-இல் அறிமுகமான ஹோலோலென்ஸ் 2-இன் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024-இலேயே நிறுத்திவிட்டது. நாங்கள் பயன்படுத்தியபோதே அது கடைகளில் புதிதாகக் கிடைக்காத பொருள். ஆகவே ஒவ்வொரு குறிப்பையும், கர்டர் எண், முகம், முனையிலிருந்து தூரம், அடியிலிருந்து உயரம் என்று எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு நாடாவைக் கொண்டு கண்டுபிடிக்கக்கூடிய எண்களாகவும் எழுதி வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நாற்பது ஆண்டு கழித்து அங்கே சாரம் கட்டி ஏறுபவருக்கு மிஞ்சப்போவது அந்த எண்கள்தான்.

அந்த விரிசலின் காரணம் பிறகு தெரிந்தது. மேலே தள இணைப்பு கிழிந்து, ஆண்டுக்கணக்கில் மழைநீர் நேராகப் பேரிங்கின் மேல் வடிந்திருக்கிறது. இரும்புத் தகடுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று இறுகி, கர்டர் வெப்பத்துக்கு நீளவும் சுருங்கவும் முடியாமல் போயிருக்கிறது. நாங்கள் மணல் லாரிகளை அந்தப் பாலத்தில் விட வேண்டாம் என்று எழுதினோம். விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் சாதாரணக் கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி போட்டோம்; விரிசல் அகன்றால் துண்டு உடைந்து காட்டிக்கொடுக்கும். அதே ஆண்டு ஜூலை 9 அன்று, குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மீது 1985 முதல் இருந்த கம்பீரா பாலத்தின் ஒரு கண் வாகனங்களோடு ஆற்றில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கர்டர் தாங்கும் இடங்களே அங்கும் நொறுங்கின என்று செய்தி வந்தபோது, மாலையில் அந்த உதவிப் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். “நம்ம கண்ணாடித் துண்டைப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன் சார், மூணும் முழுசா இருக்கு” என்றார். ஆற்றில் அப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எப்படிப் போனீர்கள் என்று கேட்டதற்குப் பரிசல் என்றார்.

எங்கள் அறிக்கையில் இப்போது ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது. பார்க்காத இடங்களின் பட்டியல். எந்தக் கண், எந்தக் கர்டர், எந்த முகம், ஏன் பார்க்க முடியவில்லை என்ற நான்கு பத்திகள். அதை முதல் முறை சமர்ப்பித்தபோது, பார்க்கவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் நாளை ஏதாவது ஆனால் அதுவே உங்களுக்கு எதிராக வரும், எடுத்துவிடுங்கள் என்று மூத்த அதிகாரி ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இருந்தும் எடுக்கவில்லை. இந்த ஆண்டுப் பட்டியலில் ஏழு வரிகள் இருக்கின்றன. மூன்றாவது கண்ணின் மேற்புறக் கர்டர் முனை அவற்றில் ஒன்று. காரணம் என்ற பத்தியில் மலைக்குளவிக் கூடு என்று எழுதியிருக்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறோம், மேட்டூர் திறப்பதற்குள் வருவதாகச் சொன்னார்கள்.